ஏரியைப் பார்த்தது யார்? பர்டன், ஸ்பீக் பயணத்தை ஓவியமாக வரைந்த அனுபவம்

1858 பிப்ரவரி 13. பிரிட்டிஷ் பயணிகளான ரிச்சர்ட் பர்டனும் ஜான் ஹானிங் ஸ்பீக்கும் ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரிக்கு வந்து சேர்ந்த நாள். சிறுவர்களுக்கான உலக வரலாற்றுப் புத்தகம் ஒன்றுக்காக இந்தக் காட்சியை இரண்டு பக்கம் விரிந்து வருகிற மாதிரி வரைந்து தரச் சொன்னார்கள். பதிப்பகத்திலிருந்து வந்த குறிப்பு சுருக்கமாக இருந்தது: குன்றின் உச்சியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கம்பீரமாக நிற்கிறார்கள், ஒருவர் கையை நீட்டி ஏரியைக் காட்டுகிறார், பின்னால் சுமைதூக்கிகள், கீழே நீல ஏரி. படித்ததுமே வரைந்துவிடலாம் போலிருந்தது, ஏனென்றால் இதே படத்தை நாமெல்லாம் சின்ன வயதிலிருந்து வேறு வேறு பெயர்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆள் மாறும், தொப்பி மாறாது.

ஆனால் அன்றைக்கு ஸ்பீக்குக்குக் கண் தெரியவில்லை. வழியிலேயே கடுமையான கண் அழற்சி வந்து, எல்லோரும் ஏரியைப் பார்த்து வாய் பிளந்து நின்றபோது தனக்கு முன்னால் வெறும் மூட்டமும் கண்கூச்சமும்தான் இருந்தன என்று அவரே வயிற்றெரிச்சலோடு எழுதியிருக்கிறார். பர்டனுக்குக் காய்ச்சலில் கால்கள் செயலிழந்து போயிருந்தன, ஆட்கள் தூக்கிப் போனால்தான் உண்டு. ஆக, கம்பீரமாக நிற்கச் சொன்னவர்களில் ஒருவரால் நிற்கவே முடியாது, இன்னொருவர் நிற்கலாம், ஆனால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யாராவது தோளைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டும்.

வரலாற்று ஓவியத்தில் என் முதல் வேலை எப்போதும் படிப்புதான், பென்சிலை அப்புறம்தான் எடுப்பேன். இந்தப் பயணத்துக்கு ஓர் அதிர்ஷ்டம், பர்டன் 1860இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பயண நூலில் செடி, மண், துணி, சுமை, நடை, சாப்பாடு என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார். ஆப்பிரிக்க மனிதர்களைப் பற்றி அவர் எழுதியிருப்பது பல இடங்களில் சகிக்காது, அந்தக் காலத்து ஆணவம் சொட்டும். நான் அவரை ஒரு பொருள் பட்டியலுக்கான சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டேன். கம்பிச்சுருளை எப்படித் தூக்கினார்கள் என்பதற்கு அவர் சொல்வதை நம்பலாம், தூக்கியவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு நம்ப வேண்டியதில்லை. எந்தப் பழைய பயணக் குறிப்பை வைத்து வரைந்தாலும் இந்தப் பிரிவினையை முதலிலேயே செய்துவிடுவது நல்லது, இல்லையென்றால் எழுதியவருடைய இளக்காரம் நாம் வரைகிற முகங்களில் நமக்கே தெரியாமல் ஏறிவிடும்.

அவர் தருகிற காட்சி இது. உயரமான புல் திரைகளுக்கு நடுவே காலையில் புறப்பட்டு ஒரு மணி நேரம் போல நடக்கிறார்கள், புல் குறைந்து சிதறலான மரங்கள் வருகின்றன, பிறகு முட்செடிகள் அங்கங்கே நிற்கும் செங்குத்தான கல் குன்று. அந்த ஏற்றத்தில் ஸ்பீக்கின் சவாரிக் கழுதை விழுந்து செத்துப்போகிறது. உச்சியில் கொஞ்சம் நிற்கிறார்கள். கீழே என்னமோ கோடு போல ஒளிர்கிறதே, அது என்ன என்று பர்டன் கேட்கிறார், அதுதான் தண்ணீர் என்று நினைக்கிறேன் என்று பதில் வருகிறது. பதில் சொன்னவர் சிதி முபாரக் பாம்பே.

இந்தப் பெயர் பாடப்புத்தகத்தில் கிடைக்காது. யாவோ இனத்தவர், 1820 வாக்கில் பிறந்தவர், சிறுவனாக இருக்கும்போதே பிடித்து அடிமையாக விற்றுவிட்டார்கள். வாங்கிய அரபு வணிகர் இந்தியாவுக்குக் கொண்டுபோனார், பாம்பே பல ஆண்டுகள் இங்கேதான் இருந்தார், எஜமானர் இறந்தபின் விடுதலையாகி ஆப்பிரிக்கா திரும்பி, கிழக்குக் கடற்கரையை ஒட்டிய சான்சிபார் தீவின் சுல்தான் படையில் சேர்ந்தார். பர்டன், ஸ்பீக் இருவருமே கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரிகள், ஸ்பீக்குக்கு அரபியோ சுவாகிலியோ சரியாக வராது. ஆகவே கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஸ்பீக்கும் பாம்பேயும் பேசிக்கொண்டது இந்துஸ்தானியில். அங்கிருந்து மற்றவர்களுக்குப் பேச்சு போனது பாம்பே வாயிலாக. பிற்பாடு ஸ்பீக்கும் கிராண்ட் என்ற இன்னொரு அதிகாரியும் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போனபோது இவர் இருந்தார், பத்திரிகையாளர் ஸ்டான்லி, தகவல் இல்லாமல் போயிருந்த பயணி லிவிங்ஸ்டனைத் தேடிப்போனபோது இருந்தார், கேமரன் என்ற பிரிட்டிஷ் பயணி கண்டத்தைக் கிழக்கிலிருந்து மேற்கே கடந்தபோதும் இருந்தார். 1876இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்கு வெள்ளிப் பதக்கமும் ஓய்வூதியமும் கொடுத்தது. அந்த நூற்றாண்டில் அவ்வளவு தூரம் ஆப்பிரிக்காவுக்குள் நடந்தவர்கள் எந்த நிறத்திலும் அதிகம் பேர் இல்லை.

இவர்தான் படத்தின் நடுவில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்ததில் எனக்குப் பெரிய கொள்கை எதுவும் இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டும். ஓவியக் கணக்கு அது. அந்தக் கணத்தில் இரண்டு கால்களில் நிமிர்ந்து நின்று, இரண்டு கண்களாலும் பார்த்து, வாய் திறந்து பதில் சொன்ன ஆள் அவர்தான். மற்ற இருவரையும் நடுவில் வைத்தால் படம் பொய் சொல்லும், அதோடு தளர்ந்தும் போகும்.

அடுத்து வெளிச்சம். இதை வாசகர் யோசிக்கவே மாட்டார், வரைபவனுக்குத் தலைவலி. கூட்டம் கிழக்கிலிருந்து மேற்கே வருகிறது, ஏரி மேற்கே, நேரம் காலை. அப்படியென்றால் சூரியன் இவர்கள் முதுகில். பார்வையாளன் இவர்களுக்குப் பின்னால் நின்றால் ஏரி பளிச்சென்று தெரியும், ஆனால் எல்லோருடைய முதுகும்தான் தெரியும். முன்னால் நின்று பார்த்தால் முகங்கள் தெரியும், அதுவும் நிழலில் தெரியும், ஏரி படத்திலேயே வராது. பழைய அச்சுப் படங்களில் முகமும் ஏரியும் இரண்டுமே வெயிலில் பிரகாசிக்கும், அதாவது இரண்டு சூரியன். நான் கண்ணைப் பக்கவாட்டில், குன்றின் வடசரிவில் கொஞ்சம் கீழே வைத்தேன். அங்கிருந்து தெற்கே பார்த்தால் ஆட்கள் இடமிருந்து வலமாக ஏறி வருகிறார்கள், வலது ஓரத்தில் நிலம் இறங்கி ஏரி விரிகிறது. வெயில் இடது பக்கம் மேலே இருந்து, கொஞ்சம் நம்மை நோக்கியே. அந்த இடம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஐந்து பாகை, பிப்ரவரி நடுவில் சூரியன் அதைவிடத் தெற்கே நகர்ந்திருக்கும். முகங்கள் பாதி நிழலில்தான் விழும், விழட்டும் என்று விட்டுவிட்டேன். இப்படிக் கணக்குப் பார்க்க இப்போது கைபேசியிலேயே சூரியப் பாதை காட்டும் செயலிகள் இருக்கின்றன, இடமும் தேதியும் நேரமும் கொடுத்தால் போதும். ஒரு காட்சிக்கு எந்தப் புகைப்படமும் இல்லாதபோது சூரியன்தான் மிச்சமிருக்கும் ஒரே சாட்சி.

பருவமும் அப்படித்தான். ஆப்பிரிக்கா என்றதும் கை தானாகப் பழுப்பு வண்ணக் குழாயைத் தேடும். மேற்கு தான்சானியாவில் நவம்பர் முதல் மே வரை மழைக்காலம், பிப்ரவரியில் எல்லாமே பச்சை, புல் ஆளுயரத்துக்கு மேலே, பாதை சேறு. காய்ந்த புல்லும் குடை விரித்த கருவேல மரமும் வரைந்திருந்தால் அது ஆகஸ்ட் மாதப் படம்.

சரி, ஆட்கள் என்ன தூக்கிக்கொண்டு வந்தார்கள்? இங்கேதான் எனக்கு அதிக நேரம் போனது, அதிக மகிழ்ச்சியும் கிடைத்தது. முதலில், யானைத் தந்தம் கிடையாது. இந்த மாதிரிப் படங்களில் தந்தம் சுமக்கும் ஆட்கள் கட்டாயம் இருப்பார்கள், ஆனால் தந்தம் உள்நாட்டிலிருந்து கடற்கரைக்குப் போகிற சரக்கு. கடற்கரையிலிருந்து உள்ளே போகிற கூட்டம் கொண்டுபோவது துணி, பாசிமணி, பித்தளைக் கம்பி, இந்த மூன்றும்தான் வழிநெடுகப் பணம். துணியில் இரண்டு முக்கியம். ஒன்று மெரிகானி, அமெரிக்க ஆலைகளிலிருந்து வந்த வெளுக்காத காடாத்துணி. இன்னொன்று கனிகி, இந்தியாவில் நெய்து அவுரிச் சாயத்தில் முக்கிய கருநீலத் துணி. துணிக்கட்டை நீண்ட உருட்டுத் திண்டு போலச் சுருட்டி, சுற்றிலும் பிளந்த குச்சிகளை வைத்துக் கட்டித் தோளில் வைப்பார்கள். கம்பியைச் சுருளாக்கி ஒரு கழியின் இரண்டு முனையிலும் மாட்டித் தூக்குவார்கள். ஒரு ஆளுக்கு முப்பது கிலோ அளவுக்குச் சுமை. அந்தப் பகுதியின் நியாம்வேசி இனத்துச் சுமைதூக்கிகளுக்கு இது தொழில், பரம்பரையாகத் தெரிந்த வேலை, ஆகவே தள்ளாடுகிற உடல்மொழி அவர்களுக்குப் பொருந்தாது. கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்து நிறைய ஸ்கெட்ச் போட்டேன். முப்பது கிலோ தோளில் இருக்கும்போது கழுத்து எப்படி எதிர்ப்பக்கம் சாய்கிறது, எந்த இடுப்பு தூக்கி நிற்கிறது, சும்மா இருக்கிற கை எங்கே போகிறது என்பதெல்லாம் எந்த நூலிலும் இல்லை.

அப்புறம் பாதை. காட்டை வெட்டிக்கொண்டு போகிற வீரர்கள் என்பது சினிமா. இது யானைத்தந்தமும் அடிமைகளும் போய்வந்து பழகிய வணிகத் தடம். அரபு வணிகர்கள் ஏரிக்கரை ஊரான உஜிஜிக்கு ஏற்கெனவே போய்வந்துகொண்டிருந்தார்கள், ஏரியைச் சுற்றி வாழ்ந்த மக்கள் அதில் மீன்பிடித்துக்கொண்டும் படகோட்டிக்கொண்டும்தான் இருந்தார்கள். ஆகவே தெளிவான ஒற்றையடிப் பாதை வரைந்தேன், ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும், படமும் ஒரு நீண்ட கோடாகிவிட்டது, அது எனக்கு நல்லதாகவே போயிற்று. முன்னால் போகிறவர் கிரங்கோசி, வழிகாட்டி. இவருடைய உடையை பர்டன் ரசித்து எழுதியிருக்கிறார்: நடுவில் தலை நுழைக்க ஓட்டை போட்ட ஆறடி நீளச் சிவப்புக் கம்பளித் துணி, தலையில் கறுப்பு வெள்ளைக் குரங்குத் தோல், அதற்கு மேல் ஆந்தை இறகோ கொண்டைக் கொக்கின் இறகோ. கூட்டத்தின் கொடி சான்சிபார் சுல்தானின் வெறும் சிவப்புக் கொடி. பிரிட்டிஷ் கொடியை உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது, சுல்தான் கொடியின் கீழ்தான் இந்தக் கூட்டம் போனது என்று சொல்லி நிறுத்தினேன். காவலுக்கு வந்தவர்கள் சுல்தானின் பலூச்சி வீரர்கள், திரி வைத்துச் சுடுகிற நீளத் துப்பாக்கிகள் அவர்களிடம். தலைவர் சயீத் பின் சலீம். சமையலுக்கும் மற்ற வேலைக்கும் கோவாவிலிருந்து வந்த வாலண்டைன், கேட்டானோ. ரம்ஜி என்ற இந்திய வணிகர் தன் அடிமைகளைக் கூலிக்கு விட்டிருந்தார், பர்டன் அவர்களை ரம்ஜியின் பிள்ளைகள் என்றே குறிப்பிடுகிறார். அடிமை வணிகத்தில் நம் ஆட்களுக்கும் பங்கு இருந்தது என்பது இந்தப் படத்தின் ஓரத்தில் நிற்கிற ஒரு விஷயம். சிறுவர் புத்தகத்துக்கு அதை எப்படி வரைவது என்று தெரியவில்லை, ஆட்களை மட்டும் வரைந்தேன், விளக்கத்தைக் கட்டுரையாளர் எழுதினார்.

தொப்பி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளை ஹெல்மெட் வேண்டும் என்று கேட்டார்கள். நெட்டியில் செய்த தொப்பி இந்தியாவில் அப்போதே உண்டு (நம் தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு செய்கிற அதே நீர்ச்செடிதான்), ஆனால் நாம் மனதில் வைத்திருக்கிற அந்தக் குடுமி வைத்த வெள்ளை ஹெல்மெட் பிரிட்டிஷ் ராணுவத்தில் நிலைபெற்றது 1870களில். ஸ்டான்லி 1872இல் லண்டன் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படங்கள் பரவியபின் எல்லாப் பயணிகளின் தலையிலும் பின்தேதியிட்டு ஏறிவிட்டது. நான் இருவருக்கும் அகல விளிம்புள்ள பழைய கம்பளித் தொப்பி கொடுத்தேன். ஸ்பீக்கின் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டேன், கண் வலிக்கிறவர் வெயிலில் அப்படித்தான் செய்வார், ஒரு கை முன்னால் நடப்பவரின் தோளில். வயதும் கவனிக்க வேண்டியது: பர்டனுக்கு அப்போது 36, ஸ்பீக்குக்கு 30. நரைத்த தாடிக் கிழவர்களாக வரைகிற வழக்கம் எங்கிருந்து வந்ததோ. பர்டன் கன்னத்தில் ஈட்டித் தழும்பு கட்டாயம், 1855இல் பெர்பெராவில் சோமாலியர் தாக்கியபோது ஈட்டி ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வந்தது.

பாம்பேயின் முகத்துக்கு நான் பட்ட பாடு தனி. அவருடைய புகைப்படமும் பிற்கால வர்ணனைகளும் கிடைக்கின்றன. 1871இல் அவரைப் பார்த்த ஸ்டான்லி, ஒல்லியான குள்ளமான ஆள், நரை விழுந்த தலை, உயர்ந்து குறுகிய நெற்றி, பெரிய வாய், இடைவெளி விட்ட பற்கள் என்று எழுதிவிட்டு, மேல்வரிசையில் இருந்த அசிங்கமான ஓட்டை ஸ்பீக்கின் முஷ்டி செய்த வேலை என்றும் சேர்க்கிறார். அந்த அடி விழுந்தது 1860களின் பயணத்தில். ஆக 1858 படத்தில் முன்பற்கள் முழுசாக இருக்க வேண்டும், நரை இருக்கக் கூடாது. அவர் வாயைத் திறந்து பேசுகிற கணம் என்பதால் பல் தெரியும், தப்பிக்க வழியில்லை. பத்து மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு வாயில் வெள்ளைப் புள்ளிகளை நிறுத்தி வைத்தபோது, இந்தப் பற்களை உடைக்கப் போகிறவர் ஒரு சாண் தள்ளி அதே அட்டையில் இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

பதிப்பகத்தை எப்படி ஒத்துக்கொள்ள வைத்தேன் என்று பல ஓவிய நண்பர்கள் கேட்டார்கள். வாதாடவில்லை. அவர்கள் கேட்டபடி ஒரு பென்சில் ரஃப், நான் படித்தபடி ஒரு பென்சில் ரஃப், இரண்டையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டாவதில் ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டு எந்த ஆண்டு, எங்கிருந்து எடுத்தேன் என்று ஒரு தாள் இணைத்து அனுப்பினேன். ஆசிரியர் குழுவில் யாராவது ஒருவருக்காவது அந்தத் தாள் பிடித்துப்போகும், அவர் மற்றவர்களிடம் நமக்காகப் பேசிக்கொள்வார். கை நீட்டிக் காட்டுகிற ஆள் வேண்டும் என்றார்களே, அதைக் கொடுத்துவிட்டேன், நீட்டுவது பாம்பேயின் கை. கேட்ட உருவம் படத்தில் இருந்ததால் யாருக்கும் குறை தெரியவில்லை.

ஏரி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதில்தான் இழுபறி. பர்டனுக்கு முதலில் தெரிந்தது மரங்களுக்கு நடுவே ஒரு கீற்று, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நொந்துகொள்கிறார், சில கஜம் நடந்ததும் முழு ஏரியும் விரிகிறது, மனம் மாறுகிறது. எனக்குக் கீற்று பிடித்தது, அவர்களுக்கு முழு ஏரி வேண்டும், இரண்டு பக்கத்துக்குக் காசு கொடுக்கிறார்கள் அல்லவா. கடைசியில் வரிசையே வழி காட்டியது. முன்னால் போன கிரங்கோசிக்கு முழு ஏரி, நடுவில் பர்டனுக்கும் பாம்பேக்கும் மரக்கிளை வழியே ஒளிக்கீற்று, பின்னால் ஏறி வருகிறவர்களுக்கு முன்னால் போகிறவனின் முதுகு. செத்த கழுதை வேண்டாம் என்று சொன்னார்கள், குழந்தைகள் புத்தகம், நியாயம்தான். அதன் சேணத்தை மட்டும் ஒரு சுமைதூக்கியின் தலையில் ஏற்றிவிட்டேன், கவனிக்கிற பிள்ளை கேட்கும், கழுதை எங்கே என்று.

இனி கொஞ்சம் தொழில். அச்சில் விரிபக்கம் ஏ3 என்பதால் ஏ2 இல்லஸ்ட்ரேஷன் போர்டில் கவாஷ் வண்ணம், அதாவது அடியில் இருப்பது தெரியாமல் மறைக்கிற நீர்வண்ணம். விகிதம் அப்படியே பொருந்தும், சுருங்கும்போது சின்னத் தடுமாற்றங்கள் மறையும், ஆனால் மெல்லிய கோடுகளும் சேர்ந்து மறையும், அதனால் ஈட்டி, கயிறு போன்றவற்றைக் கொஞ்சம் தடிமனாகவே போட வேண்டும். பைண்டிங் மடிப்பில் முகம் வரக் கூடாது. நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் மரமோ புல்லோ வருகிற மாதிரி முதல் ரஃபிலேயே பென்சிலில் பட்டை போட்டு ஒதுக்கிவிடுங்கள், படத்தின் நடு வேறு, பக்கத்தின் நடு வேறு. ஓரங்களில் வெட்டுக்கு இடம் விட மறக்காதீர்கள், கையெழுத்தை ஓரத்தில் போட்டால் வெட்டில் போய்விடும். கவாஷ் காயும்போது வெளிர் நிறங்கள் கொஞ்சம் அடர்ந்தும் அடர் நிறங்கள் கொஞ்சம் வெளுத்தும் போகும், ஆகவே வானம் மாதிரி பெரிய பரப்புக்கு ஒரு துண்டு அட்டையில் பூசிக் காயவைத்துப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

கரிய தோலை வரைவதில் பலர் கறுப்பு வண்ணத்தை எடுக்கிறார்கள், வெள்ளையைக் கலந்து பளபளப்பு வைக்கிறார்கள், சாம்பல் பூத்துப்போகும். நம்மூரில் வளர்ந்தவனுக்கு இதில் ஒரு வசதி, வெயிலில் வேலை செய்கிற கரிய முதுகைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம், அதில் வானத்தின் நீலம் விழும், தாடைக்குக் கீழே மண்ணின் செம்மை ஏறும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் என்ற ஆழ்ந்த நீலமும் கலந்த அடித்தளம், வெளிச்சம் விழும் இடத்தில் செருலியன் நீலம் ஒரு துளி கலந்த வெளிர் நிறம், கறுப்புக் குழாயைத் திறக்கவே இல்லை. அதிலும் ஆளுக்கு ஆள் மாற்றினேன், பலூச்சி, கோவாக்காரர், நியாம்வேசி, யாவோ எல்லோருக்கும் ஒரே கலவை போட்டால் கூட்டம் கூட்டமாகவே இருக்கும், மனிதர்கள் தெரிய மாட்டார்கள். அச்சில் இந்த அடர் நிறங்கள் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு, அதுவும் பூச்சில்லாத மேப்லித்தோ தாள் என்றால் மை உறிஞ்சி முகமே இருட்டிவிடும். எந்தத் தாளில் அடிக்கப் போகிறார்களோ அதே தாளில் ப்ரூஃப் கேளுங்கள், கணினித் திரையில் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள். ஏரியின் நீலமும் அப்படித்தான், அல்ட்ராமரைன் அச்சின் நான்கு மைக் கலவையில் (சிஎம்ஒய்கே) ஊதாப் பக்கம் சாயும். பர்டன் சொல்கிற மென்மையான வெளிர் நீலத்துக்கு வெள்ளையும் செருலியனும் போதுமாக இருந்தது, எதிர்க்கரை மலைகளின் எஃகு நிறத்துக்கு மட்டும் அல்ட்ராமரைன் சேர்த்தேன், அங்கே ஊதா சாய்ந்தாலும் கெடுதல் இல்லை, மலைப் பள்ளங்கள் நாவல்பழ நிறத்தில் இருந்ததாகத்தான் அவரும் எழுதுகிறார்.

இப்போது பணமும் உரிமையும். புத்தகம் வந்தபின் ஒருவர் மூல ஓவியத்தை விலைக்குக் கேட்டார். அதற்குள் பதிப்பகத்தில் ஒருவர், மூலமும் தங்களுடையதுதானே என்று பேச்சுவாக்கில் சொன்னார். ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால் தப்பித்தேன். நான் வக்கீல் இல்லை, ஆனால் ஓவியர்கள் எல்லோரும் ஒரு முறையாவது படித்திருக்க வேண்டிய விஷயம் இது: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17இன்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு காசு கொடுத்து வரையவைத்த ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வரையச் சொன்னவருக்கே முதலில் சேரும். வரைந்தவருக்குத் தானாக வராது. அட்டையும் வண்ணமுமாக இருக்கிற அந்தப் பொருள் யாருடையது என்பது தனிக் கேள்வி, அதையும் தனியாக எழுத வேண்டும். பிரிவு 53ஏ என்று ஒன்று இருக்கிறது, மூல ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கு 10 சதவீதத்துக்கு மிகாமல் பங்கு உண்டு என்கிறது, ஆனால் பிரிவு 17இன்படி முதல் உரிமையாளராக இருந்தவருக்குத்தான். முதல் கதவை விட்டுவிட்டால் இரண்டாவது கதவும் சாத்திவிடும். நான் எழுதுவது இவ்வளவுதான்: இந்தப் புத்தகத்தின் இந்த மொழிப் பதிப்புகளுக்கு அச்சு உரிமம் தருகிறேன், பதிப்புரிமையும் மூலமும் என்னிடம், ஸ்கேன் முடிந்ததும் மூலத்தைத் திருப்பித் தர வேண்டும், பென்சில் ரஃப் ஒப்புதல் எழுத்தில், அதற்குப் பிறகு ஆட்களை இடம் மாற்றச் சொன்னால் தனிக் கட்டணம். முன்பணம் வராமல் ஒப்புதல் ரஃபைத் தாண்டமாட்டேன். இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, போகட்டும்.

விற்பதற்கு முன் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் (ஃபிரேம்) போடும்போது கவாஷ் பற்றித் தெரிந்த கடையாகப் பாருங்கள். கவாஷ் பரப்பு கண்ணாடியைத் தொடக் கூடாது, நடுவில் மவுண்ட் அட்டை கட்டாயம், அதுவும் அமிலமில்லாத அட்டை. வார்னிஷ் பூசித் தருகிறேன் என்று சொன்னால் ஓடிவந்துவிடுங்கள், அந்த மினுக்கமில்லாத தன்மையே போய் நிறங்கள் இருண்டுவிடும். சென்னை மாதிரி ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை வரும், ஈரச் சுவரில் மாட்ட வேண்டாம் என்று வாங்குகிறவரிடம் சொல்லிக் கொடுத்தேன், சட்டத்தின் பின்பக்கமும் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். அந்தத் தாளிலேயே படத்தில் இருக்கிறவர்களின் பெயர்களும் இருக்கின்றன, முதல் பெயர் சிதி முபாரக் பாம்பே.

அடுத்த தொகுதிக்கு உஜிஜி கேட்டிருக்கிறார்கள், 1871 நவம்பர், ஸ்டான்லி லிவிங்ஸ்டனைச் சந்திக்கிற காட்சி. இதற்குச் சாமான்கள் ஏற்கெனவே பாதி சேர்ந்துவிட்டன: லிவிங்ஸ்டனின் மங்கிய தங்கப் பட்டை போட்ட நீலத் தொப்பி, சிவப்புக் கை வைத்த வெயிஸ்ட்கோட், சாம்பல் நிற ட்வீட் கால்சட்டை, ஸ்டான்லி கூட்டத்தின் முன்னால் அமெரிக்கக் கொடி, ஓடிவந்து ஆங்கிலத்தில் வணக்கம் சொன்ன லிவிங்ஸ்டனின் உதவியாளர் சூசி, அவருக்குப் பின்னால் இன்னொரு உதவியாளர் சூமா. பாம்பே இந்தப் படத்திலும் உண்டு, ஸ்டான்லியின் ஆட்களுக்குத் தலைவராக, நரையோடு, மேல்வரிசைப் பல் போன வாயோடு. ஒப்பந்தத்தில் இந்த முறை ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன், படத்தின் கீழே வருகிற விளக்கத்தில் அடையாளம் தெரிந்த எல்லோருடைய பெயரும் அச்சாக வேண்டும் என்று. கையெழுத்து இன்னும் வரவில்லை, வந்ததும் போர்டு வாங்கப் போக வேண்டும்.